சராசரி ஆளின் உயரம்

தம்பியைச் சுட்டதற்குக் காவல்துறை அதிகாரி சொன்ன காரணம் காதில் விழுந்தபோது, எதையோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்றுதான் அக்கா முதலில் நினைத்தாள்.

விசாரணைக் கூடம் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. தலைக்கு மேல் மூன்று மின்விசிறிகள். நடுவில் இருந்தது ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக் என்று யாரையோ தலையில் குட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அதிகாரியின் குரல் பாதி அமுங்கிப் போனது. அக்கா முன்னால் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை படிங்க," என்றார் நீதிபதி. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, இந்த விசாரணைக்காக மறுபடியும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்த கிழவர்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் படித்தார். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியால் முழங்காலுக்குக் கீழே சுடவே உத்தரவிடப்பட்டது. எதிரில் நிற்பவரின் தூரத்தை, தொலைநோக்கிக்குள் தெரியும் அளவுக்கோடுகளை வைத்து, சராசரி ஆளின் உயரத்தைக் கொண்டு கணக்கிடுவதே நடைமுறை. இறந்தவர் சராசரியைவிட மிகவும் குட்டையானவர். அதனால் அவர் நின்ற தூரம் உண்மையைவிட அதிகமாகக் கணக்கிடப்பட்டது. குண்டு மேலே ஏறி நெஞ்சில் பட்டது. சராசரி உயரம் உடையவராக இருந்திருந்தால் இந்தத் துரதிர்ஷ்டம் நேர்ந்திருக்காது.

அக்கா சரியாகத்தான் கேட்டிருந்தாள்.

"அவன் குட்டையா இருந்தது அவன் தப்பா?" என்று எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் மல்லாந்து விழுந்தது. "சுட்டது நீங்க. செத்தது அவன். குத்தமும் அவன் மேலயா?"

"உட்காருங்கம்மா," என்றார் நீதிபதி.

"நீங்க உட்காந்து கேட்டுக்கிட்டே இருங்க ஐயா, என்னால முடியாது."

பக்கத்திலிருந்த அவளுடைய வக்கீல் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நாற்காலி இல்லாததால் அக்கா தடாலென்று தரையில் உட்கார்ந்தாள். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். திரும்பி அந்த ஆளை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு அப்படியே வாய்க்குள் போய்விட்டது.

அக்கா என்பது அவள் பெயரில்லை. தம்பி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. அவள் வேலை பார்த்த மருத்துவமனைச் சலவைக்கூடமும் கூப்பிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் சொன்னார்கள். தம்பிக்கோ ஊர் வைத்த பெயர் அரைப்படி. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அதற்காக அவன் என்றைக்கும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. புதிதாக யாராவது வந்தால் தானே முந்திக்கொண்டு, "நான் அரைப்படி. மீதி அரைப்படி வேணும்னா எங்க அக்காகிட்ட கேளுங்க, அவ வாய் ஒண்ணே முக்கால் படி வரும்," என்பான்.

அவன் வேலை பார்த்தது இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கிற ஆலையில். அங்கே ஓர் இயந்திரத்தில் கை மாட்டாமல் தடுக்கும் காப்புக் கம்பியை நிர்வாகம் கழற்றி எறிந்துவிட்டது. அது இருந்தால் வேலை தாமதமாகிறதாம். கம்பி இல்லாத இயந்திரம் ஒரு பெண்ணின் நான்கு விரல்களைத் தகட்டோடு சேர்த்து அழுத்தியது. கம்பியைத் திரும்ப மாட்டுங்கள் என்று கேட்டு வேலையாட்கள் வாசலில் கூடினார்கள். அரைப்படிக்கு உயரம்தான் குறைவே ஒழிய குரல் கணீரென்று இருக்கும். அதனால் ஒலிபெருக்கியை அவன் கையில் கொடுத்திருந்தார்கள். எதிரே வெறும் மைதானம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஆலையின் தண்ணீர்த் தொட்டி. அதன் மேல் காவலர்கள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி கீழே விழுந்து கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. அவன் கத்தவில்லை.

விசாரணையில் அதிகாரி சொன்னது மறுநாள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. 'உயரக் குறைவு உயிரைப் பறித்தது.' பக்கத்தில் அவன் படம். படத்தில் அவன் ஏதோ ஒரு கல்யாணத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று சிரித்துக்கொண்டிருந்தான். எங்கிருந்துதான் அந்தப் படத்தைப் பிடித்தார்களோ.

சலவைக்கூடத்தில் அன்று அக்காவுக்கு ஈரத்துணியைப் பிரிக்கும் வேலை. உருளை இயந்திரத்திலிருந்து முறுக்கிக்கொண்டு வரும் படுக்கை விரிப்புகளை உதறிப் பிரித்து மேசைமேல் போட வேண்டும். எதிரில் இஸ்திரி போடுகிற பெண் நின்றிருந்தாள். நல்லவள்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"பேப்பர்ல பாத்தேன்கா. மனசே கேக்கல. பாவம், கொஞ்சம் மட்டும் வளந்திருந்தா..."

அக்கா கையிலிருந்த விரிப்பை அவள் முகத்தில் அடித்தாள். ஈரத்துணி பளாரென்று அறைந்தது.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு. வளந்திருந்தாவா? அவன் வளராததுனால செத்தானா, அவங்க சுட்டதுனால செத்தானா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா..."

"அப்படித்தான் சொன்னே! ஊரே அப்படித்தான் சொல்லுது!"

மேற்பார்வையாளர் ஓடிவந்து நடுவில் நின்றார். அக்காவை வெளியே காற்றாட அனுப்பினார்கள். அவள் காற்றாடவில்லை. அழுக்குத் துணி மூட்டைகள் குவிந்த வண்டி ஒன்றைக் காலால் எட்டி உதைத்தாள். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அந்த வலிக்கும் சேர்த்து அதிகாரியைத் திட்டினாள்.

ஆனால் அவளை உண்மையில் உடைத்தது ஊர் பேசியதல்ல. வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. அம்மாவும் குட்டை. தம்பிக்கு உயரம் வந்த வழியே அதுதான்.

"சாப்பிட்டியாம்மா?"

"சின்ன வயசுல அவனைத் தினம் கம்பியில தொங்கவிடச் சொன்னாங்கடி," என்றாள் அம்மா.

"யாரு?"

"பள்ளிக்கூடத்து வாத்தியார். தொங்கினா வளருவான்னாரு. நான்தான் நாலு நாள் விட்டுட்டு, உள்ளங்கை செவந்து போச்சுன்னு அழுதான், சரி போடான்னு விட்டுட்டேன். விடாம தொங்கவிட்டிருக்கணும். இன்னும் ரெண்டு அங்குலம் வந்திருப்பான். உங்கப்பா வளத்திதானே? என் ஒடம்புதான்டி அவனைக் குட்டையாக்கிடுச்சு. என் உசரம்தான் அவனைக் கொன்னுடுச்சு."

தம்பியை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு, பழியைக் கொண்டுவந்து இந்தச் சமையலறையில், இந்தக் கிழவியின் மடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"உளறாதேம்மா! அவன் கதை கட்டறான், நீயும் அதை வாங்கி மடியில கட்டிக்கிறியே!" என்று கத்தினாள்.

"எல்லாம் கணக்குப் போட்டுத்தானே சொல்றாங்க," என்றாள் அம்மா. அன்றும் அவள் சாப்பிடவில்லை.

வக்கீலின் அலுவலகம் ஒரு நகல் எடுக்கும் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேசை லேசாக அதிரும். அக்கா போனதும் போகாததுமாகக் கேட்டாள்.

"மேடம், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவன் சொன்னது பொய்தானே?"

வக்கீல் எழுந்தாள். கைப்பையைத் துழாவி ஒரு சீப்பை எடுத்தாள். சன்னலுக்குப் போய், கையை நீட்டி, சீப்பை நிமிர்த்திப் பிடித்தாள்.

"இங்க வாங்க. ஒரு கண்ணை மூடிக்குங்க. பஸ் நிறுத்தத்துல ஒரு ஆள் நிக்கிறாரா? தலையிலேர்ந்து கால் வரைக்கும் சீப்புல எத்தனை பல்லு வருது?"

அக்கா எரிச்சலோடு பார்த்தாள். "அஞ்சு."

"துப்பாக்கித் தொலைநோக்கிக்குள்ள இந்த மாதிரிதான் கோடு போட்டிருக்கும். அந்த ஆள் உசரம் நமக்குத் தெரிஞ்சா, அஞ்சு பல்லுக்குள்ள அடங்கணும்னா எவ்வளவு தள்ளி நிக்கணும்னு கணக்குப் போட்டுடலாம். தள்ளிப் போகப் போகச் சின்னதாத் தெரிவாரு, கோடும் குறையும். ஆனா அதே அஞ்சு பல்லுக்குள்ள ஒரு சின்னப் பையன் தெரிஞ்சா?"

"கிட்ட நிக்கிறான்னு அர்த்தம்."

"அதேதான். பையனைப் பெரிய ஆள்னு நினைச்சுக் கணக்குப் போட்டா, தூரம் கூடுதலா வரும். தூரம் போகப் போகக் குண்டு கீழ இறங்கும். அதனால தூரத்துக்குத் தகுந்த மாதிரி மேல தூக்கிச் சுடுவாங்க. ஆள் நினைச்சதைவிடக் கிட்ட இருந்தா, குண்டு மேல போய்ப் படும். அந்த வரைக்கும் அவர் சொன்ன கணக்கு சரிதான்."

அக்கா சீப்பைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தாள்.

"நீங்க யாரு பக்கம்? எனக்கு வக்கீலா, அவனுக்கு வக்கீலா?"

"முழுசாக் கேளுங்க..."

"என்னத்தக் கேக்கறது? எங்கம்மா வீட்டுல பட்டினி கிடக்கறாங்க, என் உசரம்தான் கொன்னுச்சுன்னு. நீங்களும் ஆமாம்னு சொல்றீங்க!"

வக்கீலுக்கும் கோபம் வந்தது. அவளும் குரலை உயர்த்தினாள். "மேல போகும்னு சொன்னாரு. எவ்வளவு மேலன்னு சொன்னாரா? சொன்னாரா? ஒரு வார்த்தை? அந்தக் கூடத்துல யாராவது கேட்டாங்களா? ஒரு விரக்கடையா, ஒரு முழமா? அதை வெச்சுத்தான் இருக்கு எல்லாம். அவரு வாயாலயோ அவரோட ஆள் வாயாலயோ அதை வர வைக்கணும். நான் போய் ஒரு புத்தகத்தைக் காட்டிச் சொன்னா, வக்கீலம்மா எங்க துப்பாக்கி கத்துக்கிட்டாங்கன்னு சிரிப்பாங்க. இடத்தைப் பார்வையிடணும்னு நீதிபதிகிட்ட மனு போட்டிருக்கேன். அதே தொட்டி, அதே தொலைநோக்கி, அவங்க நிபுணர். நீங்க அங்க வந்து வாயை மூடிக்கிட்டு நிக்கணும். முடியுமா?"

"முடியாது," என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, "பாக்கறேன்," என்றாள்.

நீதிபதி மனுவை ஏற்றுக்கொண்டார்.

பார்வையிடும் நாளில் வெயில் சுட்டெரித்தது. ஆலை வாசலில், தம்பி நின்ற இடத்தில், அவன் உயரத்துக்கு ஓர் ஒட்டுப்பலகையை வெட்டி வெள்ளையடித்து நிறுத்தியிருந்தார்கள். அம்மா வந்தே தீருவேன் என்று கூடவே வந்திருந்தாள். தொட்டிக்கு இரும்பு ஏணி. அவளால் ஏற முடியாது. காவலாளி அறையின் நிழலில் ஒரு பெஞ்சில் அவளை உட்காரவைத்துவிட்டு அக்கா மேலே ஏறினாள். சூடான கம்பி உள்ளங்கையைப் பொசுக்கியது.

மேலே ஒரு சிறிய கூட்டம். நீதிபதி தலையில் ஈரக் கைக்குட்டை. அதிகாரி நல்ல உயரம்; சட்டை மடிப்புக் கலையாமல் நின்றார். காவல்துறையின் துப்பாக்கி நிபுணர் முழங்காலிட்டு, குண்டு போடாத துப்பாக்கியைக் குட்டையான முக்காலித் தாங்கிமேல் பொருத்திக்கொண்டிருந்தார். ஒரு மூலையில், அன்றைக்குச் சுட்ட காவலன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவன் தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு, வக்கீலுக்குக் கொடுத்த வாக்குக்காக, பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பலகை எத்தனை கோடு வருது?" என்று கேட்டாள் வக்கீல்.

நிபுணர் தொலைநோக்கியில் கண் வைத்தார். "சரியா அஞ்சு."

"ஒரு மீட்டர் எழுபது சென்டிமீட்டர் ஆள்னு வெச்சா, அஞ்சு கோட்டுக்கு எவ்வளவு தூரம்?"

"முந்நூத்தி நாப்பது மீட்டர்."

"பலகையோட உண்மையான உயரம் ஒண்ணரை மீட்டர். அதுக்கு?"

"முந்நூறு. நாடாவுல அளந்து பாத்தோம், அதுவும் முந்நூறுதான்."

அதிகாரி நீதிபதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இதைத்தான் ஐயா நான் சொன்னேன். நாப்பது மீட்டர் வித்தியாசம். சாதாரணம் இல்ல."

"சாதாரணம் இல்லதான்," என்றாள் வக்கீல். அவள் நிபுணரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முந்நூத்தி நாப்பதுன்னு நினைச்சுத் தூக்கி வெச்சு, முந்நூறுல நிக்கிற ஆளைச் சுட்டா, குண்டு குறி வெச்ச இடத்தைவிட எவ்வளவு மேல படும்?"

நிபுணர் அதிகாரியைப் பார்த்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"அவரைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

நிபுணர் எழுந்து நின்றார். கை முட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். "எட்டு சென்டிமீட்டர். ஒன்பதுன்னு வெச்சுக்கலாம் ஐயா."

"கையால காட்டுங்க," என்றார் நீதிபதி.

அவர் உள்ளங்கையைக் குறுக்காக நீட்டிக் காட்டினார். கட்டைவிரலைச் சேர்க்காத கை. அவ்வளவுதான்.

"முழங்காலுக்குக் கீழ குறி வெச்சதா சொல்றாங்க. இந்த உயரத்து ஆளுக்கு முழங்காலிலேர்ந்து நெஞ்சுக்கு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள் வக்கீல்.

"அது... அறுபது, அறுபத்தஞ்சு இருக்கும்."

"அப்போ அவரு குட்டையா இருந்ததுக்காகக் குண்டு மேல போயிருந்தா, எங்க பட்டிருக்கும்?"

"தொடையில, ஐயா. முழங்காலுக்குக் கொஞ்சம் மேல."

அக்கா தன் கையை விரித்துப் பார்த்தாள். ஓர் உள்ளங்கை. இந்த ஓர் உள்ளங்கைக்காகவா அம்மா இத்தனை நாள் வாயில் பருக்கை வைக்காமல் கிடந்தாள்? இவர்களுக்கு இது முன்னாலேயே தெரியும். இந்த ஆளுக்குக் கணக்குப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தக் கூடத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பூசி மெழுகியிருக்கிறார்கள்.

அதிகாரி குறுக்கே வந்தார். "காற்று இருந்தது ஐயா. அவசரத்துல கை ஆடியிருக்கலாம். அவர் கையில ஆயுதம் மாதிரி ஏதோ இருந்ததால, பதற்றத்துல..."

"நேத்து வரைக்கும் உயரம். இப்போ காற்று, கை, ஆயுதம். இன்னும் என்னென்ன சப்பைக்கட்டு இருக்கு, எல்லாத்தையும் சேத்தே சொல்லிடுங்க," என்றாள் வக்கீல்.

அக்காவால் அதற்கு மேல் முடியவில்லை. "ஐயா, நான் ஒரு தடவை அதுல பாக்கணும்," என்றாள்.

அதிகாரி, விதிப்படி அப்படி எல்லாம் என்று ஏதோ ஆரம்பித்தார். நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "பாக்கட்டும்."

அக்கா வெந்து கிடந்த சிமெண்டுத் தரையில் படுத்து, நிபுணர் சொன்னபடி கண்ணை வைத்தாள். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கறுப்புக் கோடுகள், அவற்றின் மேல் சின்னச் சின்னக் கோடுகள். அதற்குப் பின்னால் வெள்ளைப் பலகை. பலகைக்குப் பக்கத்தில் அம்மா.

நிழலில் உட்கார் என்று சொல்லிவிட்டு வந்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடந்துபோய்ப் பலகையருகில் நின்றிருந்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துணியின் ஓரத்தால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். அவள் உதடுகள் அசைந்தன. பலகையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கறுப்புக் கோடுகள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் அவள் கழுத்துக்குக் கீழே நின்றது.

அக்கா சட்டென்று முகத்தை எடுத்தாள். குண்டு இல்லாத துப்பாக்கிதான், தெரியும். ஆனாலும் அந்தக் குழலைக் கையால் பிடித்துத் தள்ளிவிட வேண்டும்போல் இருந்தது.

"ஐயா, நீங்க பாருங்க," என்றாள். "தயவுசெஞ்சு நீங்களே பாருங்க. எங்கம்மா நிக்கிறாங்க. கண்ணாடி தெரியுது. வாய் அசையறது தெரியுது. இவன் என் தம்பி மூஞ்சிய பாத்திருக்கான். அவன் பேசறத பாத்திருக்கான். தலையிலேர்ந்து கால் வரைக்கும் நிதானமா அளந்திருக்கான். கையில இருந்தது ஆயுதமா, ஒலிபெருக்கியான்னு தெரியாதா? என்னய்யா பதற்றம்? யாருக்குப் பதற்றம்?"

நீதிபதி தரையில் குனிந்து படுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் சிமெண்டுத் தூசி ஒட்டியிருந்தது. மூலையில் நின்ற காவலனிடம் போனார்.

"எங்க சுடச் சொன்னாங்க?"

காவலன் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு ஏற்கெனவே எழுத்துல கொடுத்திருக்காரு ஐயா," என்றார் அதிகாரி.

"உங்களைக் கேக்கல."

காவலன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் கொடுத்ததுதான் உண்மை என்றும் சொல்லவில்லை. நீதிபதி அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அக்கா ஏணியில் தடதடவென்று இறங்கினாள். மைதானத்தைக் கடந்து ஓடினாள். மூச்சு வாங்க அம்மாவின் முன்னால் நின்று, உள்ளங்கையைக் குறுக்காக நீட்டினாள்.

"இவ்வளவுதாம்மா! அவங்க ஆளே சொல்லிட்டான். அவன் குட்டையா இருந்ததுக்கு இவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கை அகலம்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "எங்கிருந்து?"

"முட்டியிலேர்ந்து."

அம்மா குனிந்தாள். பலகையில் முழங்கால் எங்கே இருக்கும் என்று தன் முழங்காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அங்கே தன் உள்ளங்கையைக் குறுக்காக வைத்தாள். கைக்கு மேலே மீதி இருந்த பலகையை அண்ணாந்து பார்த்தாள். நெஞ்சு எங்கேயோ இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றாள்.

அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அதிகாரி, நீதிபதி பார்க்கிறார் என்பதாலோ என்னவோ, மெத்தென்ற குரலில், "அம்மா, வெயில்ல நிக்காதீங்க. மயக்கம் வந்துடும். அப்படி நிழலுக்கு வாங்க," என்றார்.

அம்மா நிமிர்ந்தாள். அவள் தலை அவருடைய தோளுக்குக்கூட எட்டவில்லை.

"குனி," என்றாள்.

"என்னம்மா?"

"குனிடா! உன் மூஞ்சிய நான் அண்ணாந்து பாக்கணுமா? குனி!"

அக்கா அம்மாவை அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டில் கத்துகிறவள் எப்போதும் அக்காதான். அம்மாவோ, போதும் விடுடி, அக்கம்பக்கம் கேக்கும் என்பவள். அந்த அம்மா இப்போது கைவிரலை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என் வயித்துல வந்த உசரத்தைக் குத்தம் சொன்னியே, நீ மனுஷனா? சோறு எறங்காம கிடந்தேன்டா. பெத்த வயித்தையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன். ஒரு கை அகலம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் மேல போட்டியே! சுட்டேன், கொன்னேன்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு ஆம்பளைன்னு நெனச்சிருப்பேன். ஒரு குட்டைப் பயலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டியே, இவ்வளவு ஒசரமா வளந்து என்னடா பிரயோசனம்?"

யாரோ ஒரு காவலன் அவசரமாக வந்து பலகையைத் தூக்கப் போனான்.

"தொடாதே!"

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"எங்க வீட்டுப் புள்ள நின்ன எடம். நான் போனப்புறம் எடு."

அவன் நீதிபதியைப் பார்த்தான். நீதிபதி, விட்டுவிடு என்பதுபோல் தலையை அசைத்தார். அந்த வெயிலில் எல்லோரும் நின்றார்கள். அம்மா மூச்சு அடங்கும்வரை நின்றுவிட்டு, "வாடி போலாம்," என்று நடக்க ஆரம்பித்தாள்.

பஸ் ஏறும்வரை திட்டினாள், பஸ்ஸிலும் திட்டினாள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டார். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்து, இருந்ததைச் சூடாக்கி, ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, வாயில் சோற்றோடு திட்டினாள். அக்கா எதிரில் உட்கார்ந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி போனபிறகு அன்றைக்குத்தான் அக்கா முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

நீதிபதியின் அறிக்கை மழைக்காலத்தில் வந்தது. உயரத்தைப் பற்றிய விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று அதில் இருந்தது. அதற்கு முன்பே, சுட்ட காவலன் இரண்டாவது வாக்குமூலம் கொடுத்திருந்தான்: கால் என்று யாரும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வைத்திருப்பவனை வீழ்த்து என்றுதான் உத்தரவு, காலைப் பற்றிய பேச்சே பிறகுதான் வந்தது. அதிகாரி, காவலன் இருவர் மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்று அறிக்கை சொன்னது. காவலனை உடனே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதிகாரியை வேறோர் ஊருக்கு மாற்றினார்கள்; அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய வீடு என்று கேள்வி. இயந்திரத்துக்குக் காப்புக் கம்பி மாட்டிவிட்டார்கள்.

வழக்கு இன்னும் தொடங்கவில்லை. நீதிமன்றத்தில் தேதி கொடுக்கிறார்கள், அதைத் தள்ளிப்போடுகிறார்கள், மறுபடி கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தேதிக்கும் அம்மாவும் அக்காவும் போகிறார்கள். போன தடவை, அதிகாரிக்கு உடம்பு சரியில்லை என்று அவருடைய வக்கீல் வாய்தா கேட்டார். அக்கா எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"என்ன உடம்புக்கு?" என்று கூடம் அதிரக் கேட்டாள். "எங்க வலிக்குதாம்? சரியா எடத்தைச் சொல்லச் சொல்லு!"

நீதிமன்ற ஊழியர் அவளை வெளியே கூட்டிப்போனார். அக்காவும் கூடவே எழுந்து போனாள். அடுத்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வர வக்கீல் உள்ளே இருந்தாள்.